தரவையை உழ முன்னம் ஒரு பிடி மண்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாட்டுக்கு மேய்ச்சல் போதவில்லையாம். மேய்ச்சல் வெளியாய்க் கிடக்கும் எங்கள் ஊர்த் தரவையை உழுது ஒரே இனப் புல்லை நடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. அதற்கு முன் ஒரு மண்வெட்டி மண்ணைப் பிரட்டிப் பாருங்கள். அறுகின் வேர் கம்பிபோல வரும். பக்கத்தில் நிற்கும் அவரையினத்துக் கொழுஞ்சியைப் பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகள். நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு.

இந்த இரண்டு வேரும் ஒரே வேகத்தில் உக்குவதில்லை. நைதரசன் கூடிய அவரையினத்து வேரை நுண்ணுயிர்கள் கெதியாய்த் தின்றுவிடும். புல்வேர் மெல்லத்தான் உக்கும். ஜேர்மனியின் ஜெனாவில் 2002 முதல், ஒரு இனம் தொடக்கம் 60 இனம்வரை கலந்து விதைத்த புல்வெளிப் பாத்திகளை ஆராய்கிறார்கள். அங்கே இனங்கள் கூடக்கூட வேர் உக்குவது மெதுவாகிறதாம். வேரில் காபனோடு ஒப்பிட நைதரசன் குறைந்துபோவது அதற்கு ஒரு காரணம். நான் நேர்மாறாக அல்லவா நினைத்திருந்தேன்!

சரி, ஜெனாவின் குளிர் எங்கே, எங்கள் வெயில் எங்கே. ஆனாலும் அறுவடை முடிந்த வயலில் பசளைக்காகச் சணல் விதைத்து மடக்கி உழுகிற எங்களுக்கு, எந்த வேர் எப்போது உக்கும் என்பது புதுக்கதை இல்லையே. பல இனம் கலந்து நிற்கும் தரவையில் வேர் மெல்ல உக்கி மண்ணில் கனகாலம் நிற்கக்கூடும் என்பதால், பாதியையாவது உழாமல் விட்டுப் பார்க்கலாம்.

தோட்டக்காரர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.