மகிழ்ச்சிப் பேச்சாளர்களுக்கு ஒரு பூட்டான் வாத்தியாரின் மடல்

மேடைதோறும் பூட்டானை உதாரணம் காட்டும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் ஒரு கல்லூரி விழாவில் உங்களில் ஒருவர், பூட்டான்காரர்கள் பணத்தை எண்ணுவதில்லை, புன்னகையைத்தான் எண்ணுகிறார்கள் என்றார். கைத்தட்டல் அடங்கவே நேரமானது. நான் 2010 முதல் நான்கு வருடம் கிழக்கு பூட்டானில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். பணத்தை எண்ணாத ஆளை அங்கே நான் பார்த்ததில்லை.

அவர்களுடைய பணமான நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒன்றுக்கு ஒன்று. எனக்குச் சம்பளம் நுல்ட்ரத்தில் வரும். வீட்டுக்கு அனுப்ப ரூபாய் வேண்டும். 2012-ல் நாடெங்கும் ரூபாய்த் தட்டுப்பாடு. அரிசி, டீசல், சிமெண்ட் எல்லாம் இந்தியாவிலிருந்து வந்தால் கையிலிருக்கும் ரூபாய் எத்தனை நாள் தாங்கும்? அவர்கள் தினமும் சாப்பிடும் ஏமா தட்சிக்கு மிளகாய்தான் காய். அப்போதெல்லாம் குளிர்காலத்தில் அந்த மிளகாய்கூட எல்லைக்குக் கீழேயிருந்துதான் வந்தது. வங்கி கவுண்ட்டரில் இருந்த பெண் மூன்று வாரமாக “அடுத்த வாரம் வாங்க, சார் லா” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். (‘லா’ என்பது அவர்கள் ஊர் மரியாதை.) கடைசியில் எல்லை ஊரான சம்த்ரூப் ஜோங்கார் போய், எல்லை வாசலைத் தாண்டி அசாம் பக்கத்துக் கடை ஒன்றில் மாற்றினேன். கடைக்காரர் நூற்றுக்கு ஐந்து பிடித்துக்கொண்டார்.

காடு 60 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று அவர்களுடைய அரசியல் சாசனம் சொல்வதை நீங்கள் எல்லோரும் தவறாமல் சொல்கிறீர்கள். அதே சாசனத்தில் இன்னொரு விதியும் உண்டு: ஒரு வருட அத்தியாவசிய இறக்குமதிக்குப் போதுமான அந்நியச் செலாவணி எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். கடல் இல்லை, ஜனத்தொகை சுமார் எட்டு லட்சம்தான். அந்தப் பயம்தான் விதியாகியிருக்கிறது. 2022 ஆகஸ்டில் கையிருப்பு கரைந்தபோது கார் இறக்குமதிக்கே தடை போட்டார்கள்.

சம்பாத்தியம் பெரும்பாலும் ஆற்றில்தான். அங்கே உள்ள நீர்மின் நிலையங்களில் சுக்கா 336 மெகாவாட், தாலா 1020, மாங்தேச்சு 720. கட்ட மானியமும் கடனும் தந்தது இந்தியா, மின்சாரத்தை வாங்குவதும் இந்தியா. ஒரே ஒரு மண்டி உள்ள ஊரில் காய் விற்கிறவரைக் கேட்டால் அந்த வியாபாரத்தின் ருசி தெரியும். இவை நம் மேட்டூர் போல மாதக்கணக்கில் நீரைத் தேக்கி வைப்பவை அல்ல. ஓடுகிற ஆற்றைச் சுரங்கத்துக்குள் திருப்பிவிட்டு எடுக்கும் மின்சாரம். மழைக்காலத்தில் மிஞ்சும், விற்பார்கள். ஜனவரியில் ஆறு மெலிந்துவிடும். அப்போது இந்தியாவிலிருந்து காசு கொடுத்து வாங்குவார்கள். புனாட்சாங்சு முதல் திட்டம், 1200 மெகாவாட், 2008-ல் தொடங்கியது. 2013-ல் அணை கட்டும் இடத்தில் மலைச்சரிவே நகர்ந்துவிட்டது. கடன் மட்டும் நகரவில்லை.

நாட்டின் முன்னேற்றத்தை மக்களின் மகிழ்ச்சியை வைத்து அளக்க வேண்டும், அதுதான் ‘மொத்த தேசிய மகிழ்ச்சி’ என்று நான்காம் மன்னர் 1970-களில் சொன்னாரே, அதன் நான்கு தூண்களில் ஒன்று நியாயமான, நீடித்த பொருளாதார வளர்ச்சி. உங்கள் மேடையில் மட்டும் அந்தத் தூணைக் காணோம். உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2019-ல் பூட்டானுக்கு 95-ஆம் இடம். அந்தப் பட்டியலை நான் பெரிதாக நம்புவதில்லை, நீங்கள் நம்புகிறவர்கள் என்பதால் சொல்கிறேன்.

என் வகுப்பில் முக்கோணவியலில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன் ஒருவன் திம்புவில் அரசு வேலையில் இருந்தான். இப்போது ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி. ஆசிரியர், நர்ஸ், குமாஸ்தா என்று அப்படிப் போனவர்கள் ஏராளம். 2024 அக்டோபரில் மன்னரே ஆஸ்திரேலியா போய் அவர்களைப் பார்த்துவிட்டு வந்தார். அந்தப் பையனிடம் ஊருக்கு எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டேன். “அப்பா பேர்ல இருக்கிற கடன் முடியட்டும், சார் லா” என்றான்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் புன்னகைக் கதையைச் சொல்லும்போது பின் வரிசையில் ஒரு கிழவர் கை தூக்கினால் நானாகத்தான் இருக்கும். தயவுசெய்து மைக்கைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்