பாதியில் நிற்கும் எங்கள் வீடுகளுக்குக் கூரை கேட்டு மறுபடியும் ஒரு மனு

2025 செப்டெம்பர்

வட மாகாண வீடமைப்புக்குப் பொறுப்பான செயலாளர் அவர்கட்கு,

விடயம்: 2019இல் இடைநின்ற வீட்டுத்திட்ட வீடுகளுக்குக் கூரை போட்டுத் தருதலும், ‘வீடு வழங்கப்பட்டது’ என்ற பதிவைத் திருத்துதலும்

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். இதே விடயமாக முன்னரும் உங்களுக்கு எழுதியிருக்கிறோம். ஒரேயொரு தடவை, கடிதம் கிடைத்தது, உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. உரிய பிரிவு எது என்று அதில் இல்லை. அதனால்தான் திரும்பவும் உங்களுக்கே எழுதுகிறோம், குறை நினைக்க வேண்டாம்.

இடத்தை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. முன்பள்ளித் திறப்புக்கு வந்தபோது மதகடியில் வாகனம் இறங்க முடியாமல் நடந்துதான் வந்தீர்கள். குளக்கட்டுப் பக்கம் திரும்பும் ஒழுங்கையில் இடது கைப்பக்கம் கூரை இல்லாமல் வரிசையாக 11 வீடுகள் நின்றதே, அவை எங்களுடையவை. போகும்போது இது என்ன என்று கூட வந்தவரிடம் கேட்டீர்களாம். அவர் என்ன சொன்னாரோ தெரியாது, நாங்கள் சொல்கிறோம்.

1. நாங்கள் 2009 மே மாதம் போர் முடிந்த பிறகு முகாமில் இருந்து, 2010இல் சொந்தக் காணிக்குத் திரும்பியவர்கள். தறப்பாளும் கொஞ்சத் தகரமும் தந்தார்கள். இந்திய வீட்டுத்திட்டம் வந்தபோது ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், புள்ளி போட்டு ஆட்களைத் தெரிவு செய்தார்கள். எங்கள் ஒழுங்கையில் பெரும்பாலும் சின்னக் குடும்பங்கள், புள்ளி போதவில்லை. வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள் அந்தத் திட்டத்தில் எழும்பின, அதில் எங்களுக்கு இடமில்லை. பிறகு 2016 அளவில் 65,000 இரும்பு வீடுகள் என்று ஒரு கதை வந்தது. இந்த வெயிலுக்கு இரும்பு வீடா, கல்வீடு தாருங்கள் என்று சனம் கேட்டது. அந்த இழுபறியிலேயே காலம் போயிற்று. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. கிடைத்தவர்கள் கூரைக்குக் கீழே இருக்கிறார்கள், நல்லது.

2. எங்கள் முறை 2019இல், அரசாங்கத்தின் இன்னொரு வீட்டுத்திட்டத்தில் வந்தது. வீட்டைக் கட்டி யாரும் கையில் தருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அத்திவாரம் போட்டால் ஒரு கட்டக் காசு, சுவர் எழும்பினால் இன்னொரு கட்டம், கூரைக்கு ஒன்று, இப்படித்தான். ஆனால் வேலையை நாங்கள் முதலில் முடிக்க வேண்டும், பிறகு வந்து படம் எடுப்பார்கள், அதற்குப் பிறகுதான் காசு. அப்படியென்றால் முதல் போடுவது யார்? நாங்கள்தான். நகையை அடகு வைத்தோம், சீமெந்தும் கம்பியும் கடனுக்கு எடுத்தோம், சிலர் கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரரிடம் வாங்கினார்கள். வீடு கட்டும் இடத்தில் நின்ற பழைய கொட்டிலையும் அவசரப்படுத்திப் பிரிக்க வைத்தார்கள். ஆறு மாதத்தில் குடிபுகலாம் என்று சொல்லித்தான் பிரிக்க வைத்தார்கள்.

3. 2019 நவம்பரில் ஆட்சி மாறியது. காசு நின்றது. யாரும் வந்து நின்றுவிட்டது என்று சொல்லவுமில்லை. நாங்கள் அடுத்த கட்டம் வரும் வரும் என்று சுவரை எழுப்பிக்கொண்டே இருந்தோம். 2022இல் சீமெந்துப் பை மூவாயிரம் ரூபாயைத் தொட்டபோது, சொந்தக் காசில் முடிக்கலாம் என்று நினைத்திருந்த ஒன்றிரண்டு பேரும் கையை விட்டார்கள்.

4. ஐயா, இந்த விடயத்தைத்தான் நீங்கள் ஆறுதலாக வாசிக்க வேண்டும். கூரை இல்லாத வீடு என்றால் பாதி வீடு என்று கந்தோரில் நினைக்கிறார்கள். அது பாதி வீடு இல்லை, அது மழைத்தண்ணீர் நிற்கும் தொட்டி. வாசல், யன்னலுக்கு மேலே போடும் லிண்டல் விட்டத்துக்கு மேலே மூன்று வரி கல் வைத்ததோடு வேலை நிற்கிறது. பூச்சு இல்லாத சீமெந்துக் கல் ஆறு மாரியாக ஊறிக்கொண்டிருக்கிறது. யன்னல் மட்டம் வரை பாசி கறுத்துக் கிடக்கிறது, விரலால் சுரண்டினால் கல்லும் சேர்ந்து மாவாக வருகிறது. தூணில் வெளியே விட்ட கம்பி கறல் பிடித்து, அந்தக் கறல் சுவர் வழியே சிவப்பாக ஒழுகியிருக்கிறது. எங்கள் வீட்டு முன்மூலையில் ஓர் ஆலங்கன்று வேர் விட்டிருக்கிறது. வெட்ட வெட்டத் தளிர்க்கிறது. அதன் வேர் போன இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. கடனுக்கு வாங்கிய கதவு நிலை பூட்டாமலே கொட்டிலுக்குள் சாத்தி வைத்தபடி கறையான் தின்று முடிந்தது, கதவுக்கான கடன் மட்டும் இன்னும் முடியவில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டு இருக்கிறோம். வீட்டு அத்திவாரத்தை உயர்த்திப் போடச் சொன்னவர்கள் உங்கள் உத்தியோகத்தர்கள்தான், வெள்ளம் வரும் இடம் என்று. சரி, உயர்த்தினோம். இப்போது மழை பெய்தால் அந்த உயரத்தில் விழும் தண்ணீரெல்லாம் வழிந்து நேரே கொட்டிலுக்குள் வருகிறது. 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தில் கொட்டிலுக்குள் நிற்க முடியாமல், கூரை இல்லாத வீட்டுக்குள் ஏறி, சுவருக்குச் சுவர் தறப்பாளை இழுத்துக் கட்டி அதற்குக் கீழே இருந்தோம். தறப்பாளில் தண்ணீர் கட்டிக் கட்டித் தொங்க, தடியால் இடித்து இடித்து ஊற்றிக்கொண்டே விடிந்தது. பிள்ளைகளின் புத்தகப்பை மட்டும் நனையவில்லை, அதைச் சட்டிக்குள் வைத்து மூடியிருந்தோம். மாரி முடிந்தால் நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. சித்திரை வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்குத் தகரத்துக்குக் கீழே ஒரு கைக்குழந்தையை வைத்திருந்து பாருங்கள்.

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். என் மகள் பெரிய பிள்ளையானபோது அவளைத் தனியாக இருத்த ஓர் அறை இல்லை. இரண்டு அறைக்குச் சுவர் இருக்கிறது ஐயா, வாசலும் யன்னலும் விட்டு அழகாகக் கட்டிய சுவர். மேலே வானம். கடைசியில் அந்த அறைக்குள் ஒரு மூலையில் கிடுகு சாத்தி மறைத்துத்தான் இருத்தினோம். இரண்டாம் நாள் அந்தக் கிடுகுக்குள் இருந்து புடையன் பாம்பு ஒன்று வந்தது. அடித்துவிட்டோம். ஆனால் அதற்குப் பிறகு அவள் அந்தச் சுவருக்குள் கால் வைக்கவே இல்லை.

5. இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. மழையில் நனைவது ஒரு பக்கம், எங்கள் பெயருக்கு எதிரே பதிவேட்டில் ‘வீடு வழங்கப்பட்டது’ என்று எழுதிக் கிடப்பது மறுபக்கம். முதலாவது கட்டக் காசு வங்கிக்கு வந்த அன்றே நாங்கள் வீடு பெற்ற குடும்பம் ஆகிவிட்டோம். அதற்குப் பிறகு எந்தத் திட்டம் வந்தாலும், கிராம அலுவலர் பெயரைத் தட்டிப் பார்க்கிறார், தலையை ஆட்டுகிறார், உங்களுக்கு ஏற்கனவே தந்தாயிற்று. அவரில் பிழையில்லை, அவருக்குக் காட்டுவது அப்படித்தான் காட்டுகிறது. வெள்ளத்துக்குப் பிறகு வீட்டுச் சேதம் எழுத வந்தார்கள். கொட்டில் சேதத்தைக் காட்டினோம், உங்கள் வீடு அதுதானே, இது சமையலறையாக இருக்கும் என்றார்கள். சரி, அப்படியென்றால் அந்த வீட்டின் சேதத்தை எழுதுங்கள் என்றோம். அதில் ஆட்கள் குடியிருக்கவில்லையே என்றார்கள்! இதற்கு என்ன பதில் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். நலன்புரிக் கொடுப்பனவுக்குக் கணக்கெடுக்க வந்த பிள்ளையும் சுவர் என்ற இடத்தில் சீமெந்துக் கல் என்று எழுதிக்கொண்டு போனது. பொய் இல்லை, சுவர் கல்தான். கூரை என்ற இடத்தில் என்ன எழுதியது என்று நாங்கள் பார்க்கவில்லை.

அதாவது, 2019இல் காசே வாங்காமல் தகரக் கொட்டிலில் இருந்திருந்தால் இன்றைக்கு நாங்கள் வீடில்லாத குடும்பம், வரிசையில் முன்னுக்கு நின்றிருப்போம். அரசாங்கத்தை நம்பி அத்திவாரம் வெட்டியதால் வரிசையிலிருந்தே வெளியே நிற்கிறோம். தந்த காசைத் திருப்பித் தருகிறோம், பெயரை வெட்டிவிடுங்கள் என்றுகூட ஒருவர் கேட்டுப் பார்த்தார். அதற்கு ஏற்பாடு இல்லையாம்.

6. யாரிடம் போவது என்பதையாவது சொல்லுங்கள். வீடமைப்புக் கந்தோருக்குப் போனால், அது மத்திய அரசின் திட்டம், கொழும்பில் முடிவெடுக்க வேண்டும் என்கிறார்கள். கொழும்புக்கு எழுதினால், மாகாணத்தில் விசாரியுங்கள் என்று வருகிறது. பிரதேச செயலகத்தில் கேட்டால், நாங்கள் பயனாளிப் பட்டியல் மட்டும்தான் பார்க்கிறோம் என்கிறார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள், எங்களுக்கு எந்தக் கோயில் என்றே தெரியவில்லை.

1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் வந்தபோது வீடமைப்பை மாகாணத்தின் விடயமாகத்தான் எழுதினார்கள். நாங்கள் சட்டம் படித்தவர்கள் இல்லை, ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் இதைப் பேசக் கேட்டு வளர்ந்தவர்கள். கொழும்பு எங்கோ இருக்கிறது, உங்கள் பிரச்சினையை உங்கள் ஊரில் இருப்பவர்களே பார்ப்பார்கள் என்று சொல்லித்தான் மாகாண சபையைத் தந்தார்கள். 2013 செப்டெம்பரில் வாக்குப் போட்டோம். 38 பேர் இருந்தார்கள், நல்லதோ கெட்டதோ, சந்தையில் கண்டால் மறித்துக் கேட்கலாம். 2018 ஒக்டோபரோடு அந்தச் சபையின் காலம் முடிந்தது. இன்னும் தேர்தல் இல்லை. ஆளுநரைச் சனாதிபதி நியமிக்கிறார், காசுக்கு நிதி ஆணைக்குழுவின் சிபாரிசையும் கொழும்பின் வரவு செலவுத் திட்டத்தையும் பார்த்திருக்க வேண்டும். இதெல்லாம் எங்களுக்குப் புரிகிறது ஐயா. உங்கள் கையும் கட்டித்தான் இருக்கிறது என்பதும் புரிகிறது. ஆனால் சபை இல்லாவிட்டாலும் கந்தோர் இருக்கிறது, வாகனம் இருக்கிறது, உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், மாகாணத்துக்கு என்று வருடா வருடம் ஒரு தொகை வருகிறது. அதிலிருந்து மண்டபம் கட்டுகிறார்கள், மதில் கட்டுகிறார்கள். மெயின் வீதிக்குக் காப்பெற் போட்டார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் ஒழுங்கை முகப்பில் வீட்டுத்திட்டத்தின் பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். பலகை நனையாமல் இருக்க அதற்கு ஓடு போட்ட கூரை போட்டிருக்கிறார்கள். பலகைக்குப் போட்ட கூரையை ஏன் ஐயா ஆட்களுக்குப் போடவில்லை? கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும், ஆனால் அந்தப் பலகையைத் தாண்டித்தான் ஒவ்வொரு நாளும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகிறோம்.

7. நாங்கள் புது வீடு கேட்கவில்லை. திரும்பவும் சொல்கிறேன், புது வீடு கேட்கவில்லை. புதிதாக ஒரு வீடு கட்டக் கொடுக்கும் காசில் எங்கள் ஒழுங்கையில் எத்தனை கூரை போடலாம் என்று மேசன் எழுதித் தந்த மதிப்பீட்டை இதோடு இணைத்திருக்கிறோம். தீராந்தி, சிலாகை என்ற கூரை மரங்கள், மேலே போடும் சீற் எல்லாம் தனித்தனியாக விலை போட்டு இருக்கிறது. காசாகத் தர முடியாவிட்டால் பொருளாகத் தாருங்கள், ஏற்றி இறக்கும் வேலையையும் மரவேலையையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், ஒழுங்கையிலேயே இரண்டு தச்சர் இருக்கிறார்கள். அதற்கு முன்னர் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்பி, எந்தச் சுவர் கூரையைத் தாங்கும், எது தாங்காது என்று பார்க்கச் சொல்லுங்கள். எங்களுடையது போல வெடித்த சுவர் இன்னும் ஒரு மாரி தாங்குமா என்று எங்களுக்கே சந்தேகம்.

8. கூரைக்குக் காசு இந்த வருடம் இல்லையென்றால் பரவாயில்லை, பதிவையாவது திருத்துங்கள். அதற்குக் காசு தேவையில்லை. ‘வீடு வழங்கப்பட்டது’ என்பதை வெட்டி, ‘கூரை மட்டத்தில் இடைநின்றது’ என்று எழுத ஒரு கையெழுத்துப் போதும். அது நடந்தாலே அடுத்து வரும் திட்டத்தில், அடுத்து வரும் வெள்ளத்தில், எங்கள் பெயரைக் கேட்க ஒரு வழி பிறக்கும்.

9. இரண்டும் முடியாதென்றால், முடியாது என்று எழுத்தில் தாருங்கள், யாரால் முடியும் என்பதையும் சேர்த்து. உரிய பிரிவு என்று எழுத வேண்டாம், பெயரும் பதவியும் எழுதுங்கள்.

மாரி தொடங்க அதிக நாள் இல்லை. நேரில் பார்க்க வருவதென்றால் மழைக்கு முன்னர் வாருங்கள், பிறகு மதகைத் தாண்டி உங்கள் வாகனம் மட்டுமல்ல, நடந்தும் வர முடியாது. பதினொரு குடும்பத்தவரின் கையொப்பம், வங்கிப் புத்தகத்தின் பிரதி, சுவர்களின் படங்கள், மேசனின் மதிப்பீடு எல்லாம் இணைக்கப்பட்டுள்ளன. தயவுசெய்து, இந்தத் தடவையாவது பதில் தாருங்கள்.

இங்ஙனம்,
குளக்கட்டு ஒழுங்கைக் குடும்பங்கள் சார்பில்,
மாதர் சங்கச் செயலாளர்

பிரதிகள்: பிரதேச செயலாளர், கிராம அலுவலர், வீடமைப்புக் கந்தோரின் மாவட்ட முகாமையாளர். மூவருக்கும் முந்தைய மனுக்களின் பிரதிகளும் சேர்த்து அனுப்பப்படுகின்றன, கிடைக்கவில்லை என்று சொல்லாமல் இருக்க.