அடைமழைக்கு முன் நம் வீட்டுக் கடிதங்களைக் காக்க: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

கீழக்கரையில் ஒரு வீட்டு மச்சில் கிடந்த தகரப் பெட்டியைச் சென்ற மாசி மாதம் எங்கள் முன் திறந்தார்கள். மேலே பழைய வேட்டி ஒன்று, அதன் கீழே கம்பியில் குத்திய கடிதக் கட்டு. கம்பி துருப்பிடித்து, குத்திய இடத்தைச் சுற்றிக் காசு அகலத்துக்குத் தாள் பொடிந்திருந்தது. முதல் தாளின் தலையில் 786. அதன் கீழே வலமிருந்து இடமாக ஓடும் அரபு எழுத்து. எடுத்துப் பார்த்த பிள்ளைகள், “ஓதுற தாள் போல இருக்கு” என்று மரியாதையாகத் திரும்ப வைத்துவிட்டார்கள். அந்த வீட்டுப் பெரிய உம்மாதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். அனுப்பிய சீலை வந்து சேர்ந்ததா, சின்னவளுக்குச் சளி நின்றதா, கிணறு தூர் வாரியாச்சா. கொழும்பிலிருந்து அவருடைய வாப்பா அவருடைய உம்மாவுக்கு எழுதியது. அத்தனையும் தமிழ்.

அரபுத்தமிழ் என்று நாம் சொல்வது இதைத்தான். மொழி தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு, இருக்கிற எழுத்திலேயே புள்ளி கூட்டிப் புதிய எழுத்து செய்துகொண்டார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியவர்கள் இதில் நூல்களே இயற்றினார்கள். அந்த நூல்களைத் தேடிச் சேர்க்க ஆட்கள் உண்டு. சபர் (பிழைப்புக்காகக் கடல் கடந்த பயணம்) போன ஆண்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களுக்குத்தான் யாரும் இல்லை. பள்ளிக்கூடம் போகாத எத்தனையோ பெண்கள் குர்ஆன் ஓதப் பழகியதால் அரபு எழுத்து அறிந்திருந்தார்கள், தமிழ் எழுத்து தெரியாது. தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பினால் தபால்காரரோ பக்கத்து வீட்டுப் பையனோ படித்துச் சொல்ல வேண்டும். அரபுத்தமிழில் எழுதினால் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு தானே வாசிக்கலாம். இன்னொருவர் காதில் விழக்கூடாத பேச்செல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்தப் பெண்கள் எழுதிய பதில்கள் பெரும்பாலும் கொழும்பிலும் பினாங்கிலும் ரங்கூனிலும் போனபடியே போய்விட்டன. ஊர் திரும்பியவர்களின் பெட்டியோடு ஒன்றிரண்டு வந்திருந்தால், அவற்றைவிட அரிய தாள் இந்தக் கரையில் எதுவும் இல்லை என்பது எங்கள் எண்ணம்.

இது ஒரு சமூகத்தின் காரியம் மட்டும் அல்ல. தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் வீடுகளிலும் ‘உ’ போட்டுத் தொடங்கி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கடிதங்கள் இருக்கின்றன. தனுஷ்கோடியை நினைக்கும்போது மனம் கனக்கிறது. 1964 டிசம்பர் புயல் ஊரோடு தபால் நிலையத்தையும் கொண்டுபோனது. அங்கிருந்த குடும்பங்களுக்கு வந்த கடிதம் எல்லாம் கடலோடு போயிற்று. அவர்கள் உறவுக்காரருக்கு எழுதி அனுப்பியவை மட்டும் வேறு ஊர்களில் எங்கேயாவது இருக்கலாம். உங்கள் வீட்டில் ‘தனுஷ்கோடி’ முத்திரை விழுந்த கார்டு ஒன்று இருந்தால், அது உங்களுக்கு மட்டும் உரியதல்ல.

1693-இல் வெட்டுண்டு இறப்பதற்கு முன், யேசு சபைத் துறவி அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) ஓரியூர்ச் சிறையிலிருந்து எழுதிய கடிதம் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. கடிதம் கைக்கு வந்தவர்கள் அதைப் பத்திரப்படுத்தும் வழக்கம் வைத்திருந்ததால் அது பிழைத்தது. பக்கத்தில் கோட்டையூரைச் சேர்ந்த, பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, மற்றவர்கள் வேண்டாமென்று விட்ட நூலையும் தாளையும் வீடு நிறையச் சேர்த்தார். அந்தச் சேகரம்தான் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. நம் பக்கத்து மனிதர் ஒருவரால் முடிந்தது, இத்தனை ஊர் சேர்ந்தால் முடியாதா?

உப்புக்காற்றில் தாள் எப்போதும் ஈரம் குடித்தே இருக்கிறது. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சிய பழைய மை, ஈரம் பட்டால் தாளையே அரிக்கும். எழுத்து இருந்த இடத்தில் எழுத்து வடிவிலேயே ஓட்டை விழுந்த கடிதத்தைக் கையில் பிடித்திருக்கிறோம். இராமபாணப் பூச்சி வேறு. ஆனால் எங்களை அழவைத்தது பூச்சி அல்ல. ஒரு குடும்பம் அக்கறையோடு கொண்டுபோய் லேமினேஷன் செய்து வைத்த பதினாறு கடிதங்கள், பிளாஸ்டிக்குக்குள்ளேயே பழுத்துக் கறுத்துவிட்டன. இனி அதைப் பிரிக்க வழியில்லை. செலோடேப்பும் இதே வேலையைத்தான் செய்யும்.

நாங்கள் எந்த வீட்டிலிருந்தும் கடிதத்தை எடுத்துப் போகமாட்டோம். வீட்டுக்கே வந்து மென்மையான தூரிகையால் தூசு தட்டி, கம்பியைக் கழற்றி, ஒவ்வொரு தாளையும் இரு பக்கமும் படமெடுத்து, அமிலமில்லாத உறையிலும் பெட்டியிலும் இட்டு அன்றே ஒப்படைப்போம். படத்தின் பிரதி ஒன்று குடும்பத்துக்கு. வெளியாருக்குக் காட்டலாமா, எத்தனை ஆண்டு கழித்துக் காட்டலாம் என்பதெல்லாம் குடும்பம் எழுதிக் கொடுக்கிறபடிதான்.

படம் எடுப்பதோடு வேலை முடிவதில்லை. அரபுத்தமிழில் ஒரு புள்ளி மங்கினாலும் எழுத்து மாறும், ஈ எச்சம் ஒன்று விழுந்தாலும் மாறும். கை எழுத்தின் ஓட்டம் தெரிந்த முதியவர் பக்கத்தில் இருந்தால்தான் சொல் பிடிபடும். அப்படி வாசிக்கத் தெரிந்தவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்வதுதான் எங்கள் அவசரம். அவர்களிடமும், உடனிருந்து தமிழ் எழுத்தில் பெயர்க்கும் இளையவர்களிடமும் வெறுங்கையோடு வேலை வாங்குவது முறையல்ல.

முதல் கட்டமாக 40 வீடுகள். ஒரு வீட்டுக்கு 4,000 ரூபாய் ஆகிறது, அதில் பாதிக்கு மேல் வாசிப்போருக்கும் எழுதுவோருக்கும் போகும். கேமரா, தாங்கி, விளக்கு, ஈரம் இழுக்கும் கருவி, பிரதிகளை வைக்க இரண்டு ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றுக்கு 1,40,000 ரூபாய். மொத்தம் 3 லட்சம். ஒரு வீட்டுச் செலவை முழுதாக ஏற்பவர்கள் தங்கள் பெற்றோர் நினைவாகச் செய்யலாம். நூறு ரூபாய்க்கும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் பள்ளிவாசல், கோயில், தேவாலயப் பலகைகளில் ஒட்டுவோம். வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கும் பிள்ளைகள் ஊரிலுள்ள தங்கள் வீட்டார் மூலமே கொடுத்தனுப்புங்கள்.

ஐப்பசி பிறந்தால் மழை வந்துவிடும். பணம் தர இயலாதவர்கள் இந்த வாரம் ஒரு முறை பரணில் ஏறிப் பாருங்கள். கட்டு ஏதும் தென்பட்டால் பிரிக்க வேண்டாம், வெயிலில் காயவைக்க வேண்டாம். ஒரு சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல் வைத்துவிட்டு, உங்கள் ஊர்க் குழு உறுப்பினரிடம் சொல்லி அனுப்புங்கள். நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
கடிதக் காப்புக் குழுவினர்