உடற்கல்விப் பாடவேளை குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் பருவம் இனிதே நிறைவடைகிறது. அறிவியல் கண்காட்சியும் பேச்சுப் போட்டிகளும் சிறப்பாக நடந்தேறின. தேர்வு முடிவுகள் மனநிறைவு தருவனவாக உள்ளன. நூலகத்துக்குப் புதிய அலமாரிகள் வந்து சேர்ந்துள்ளன. பரிசு பெற்ற மாணவர் அனைவருக்கும் பாராட்டுகள்.

இனி, இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். உடற்கல்விப் பாடவேளையிலிருந்து விலக்குக் கேட்டு வரும் கடிதங்களுக்கென்று இப்பருவத்தில் தனியாக ஒரு கோப்பே திறக்க வேண்டியதாயிற்று. காய்ச்சல், சுளுக்கு போன்ற காரணங்களைச் சொல்லும் கடிதங்கள் குறித்து எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் அவற்றைவிட, 'வியர்த்தால் அடுத்த வகுப்பில் சோர்ந்துவிடுகிறான்' என்றும், 'தேர்வு நெருங்குவதால் அந்த நேரத்தில் கணக்குப் போடட்டும்' என்றும் எழுதப்பட்டவையே மிகுதி. என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தவை வேறு சில: 'குழந்தை சற்றுப் பருமன், ஓடினால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள், ஆகவே அனுப்ப வேண்டாம்.'

அந்தப் பெற்றோரின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆயினும் எந்தக் குழந்தைக்கு மைதானம் மிகவும் தேவையோ அந்தக் குழந்தையையே நாம் வகுப்பறையில் உட்கார வைக்கிறோம். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அதாவது வாரத்துக்கு 420 நிமிடங்கள். நம் கால அட்டவணை தருவதோ 40 நிமிடப் பாடவேளைகள் இரண்டு. அந்த 80 நிமிடங்களையும் விலக்குக் கடிதத்தால் இழந்தால் மிஞ்சுவது எதுவும் இல்லை. இதில் பள்ளியின் பிழையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்: பிற பாடங்களுக்காகக் கடன் வாங்கப்பட்ட உடற்கல்விப் பாடவேளைகள் இதுவரை திருப்பித் தரப்பட்டதில்லை.

அதே நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் 5 முதல் 19 வயதுக்கு உட்பட்டோரில் உடல் எடை மிகுந்தவர்கள் 1990-இல் 8 விழுக்காடாக இருந்தனர். 2022-இல் அது 20 விழுக்காடாகிவிட்டது. ஒரு தலைமுறைக்குள் பரம்பரை மாறிவிடாது. மாறியவை உணவும் அன்றாடப் பழக்கங்களுமே. எடை கூடுவதற்கு மரபும், சில நோய்களும் மருந்துகளும்கூடக் காரணமாகலாம் என்பதால், 'நிறையத் தின்கிறாய்' என்று குழந்தையைக் குற்றம் சாட்டுவது நியாயமும் அல்ல, பயனும் தராது.

வீட்டில் நீங்கள் கவனிக்கக்கூடியவற்றில் முதலாவதாக நான் சொல்வது உறக்கம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை. உறக்கம் குறையும்போது பசியைத் தூண்டும் சுரப்பு கூடி, வயிறு நிறைந்ததை உணர்த்தும் சுரப்பு குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. நள்ளிரவு வரை கைபேசியுடன் விழித்திருக்கும் பிள்ளை இனிப்பையும் நொறுக்குத் தீனியையும் தேடுவது வெறும் அடம் அல்ல. அடுத்தது இனிப்புப் பானங்கள். 330 மில்லி குளிர்பானத்தில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கும். அத்தனையும் உள்ளே போன பின்பும் வயிறு நிறைந்த உணர்வு வருவதில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே உண்பவர்களுக்கும் அளவு தெரிவதில்லை. இவற்றைச் சரிசெய்வதை விடுத்து, வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டு மெலிய வைக்க முயல வேண்டாம். உயரம் கூடும் வயதில், பல குழந்தைகளுக்கு எடை மேலும் ஏறாமல் பார்த்துக்கொள்வதே போதுமானதாக இருக்கும். எது பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

சில முடிவுகளை உறுதியாகத் தெரிவிக்க வேண்டியுள்ளது. அடுத்த பருவம் முதல், ஒரு வாரத்துக்கு மேற்பட்ட விலக்கு மருத்துவச் சான்று இருந்தால் மட்டுமே வழங்கப்படும். படிப்பைக் காரணம் காட்டும் கடிதங்கள் ஏற்கப்பட மாட்டா. உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ள எந்த ஆசிரியருக்கும் அனுமதி கிடையாது. உடலமைப்பைச் சொல்லிக் கேலி செய்யும் மாணவர், பெற்றோருடன் என்னைச் சந்திக்க வேண்டியிருக்கும். விசாரித்தபோது, வகுப்பில் வழங்கும் பட்டப்பெயர்கள் சில வீட்டில் செல்லமாகச் சூட்டப்பட்டவையே என்று தெரிய வந்தது. அவற்றை வீட்டிலேயே நிறுத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. வேலை முடிந்து களைத்துத் திரும்பும் உங்களிடம் இன்னொரு பொறுப்பைச் சுமத்துவது எளிதன்று என்பதை அறிவேன். நாளின் பெரும்பகுதியை நாற்காலியிலேயே கழிக்கும் நான் இதைச் சொல்வதில் உள்ள முரணும் தெரியாததல்ல. ஓட்டப் போட்டியில் பின்தங்கும் பிள்ளைகளும் கூச்சமின்றிக் கலந்துகொள்ளும்படி, வெற்றி தோல்வி இல்லாத விளையாட்டுகளை அடுத்த பருவத்தில் சேர்க்க உடற்கல்வி ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டுள்ளனர். தயங்கும் குழந்தையின் பெற்றோர் என்னை நேரில் சந்தித்துப் பேசலாம்.

மனம் திறந்து காரணங்களை எழுதியனுப்பிய பெற்றோருக்கும், பள்ளியின் எல்லா முயற்சிகளிலும் துணை நிற்கும் உங்கள் அனைவருக்கும் நன்றி. விடுமுறை முடிந்து வரும்போது பிள்ளைகளிடம் விளையாட்டுக் காலணியும் தண்ணீர்ப் புட்டியும் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்