மிடில் கிரீக்கிலிருந்து ஒரு பதில்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பறவைகளுக்கென்று அரசு வைத்திருக்கும் நிலத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்களை விடுவது என்ன நியாயம் என்று கேட்டிருக்கிறாய். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வளர்ந்தவர்கள் நாம். வேட்டை என்றதும் நமக்குக் காவல் நிலையம்தான் நினைவுக்கு வரும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் போய்வரும் மிடில் கிரீக், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர், லெபனான் மாவட்டங்களின் எல்லையை ஒட்டி இருக்கிறது. சுமார் 400 ஏக்கர் பரப்புள்ள ஏரியும், அதைச் சுற்றிச் சதுப்பும் வயலும் காடுமாகப் பல ஆயிரம் ஏக்கர் நிலமும் கொண்ட இந்த இடத்தை மாநில வேட்டை ஆணையம் நிர்வகிக்கிறது. பிப்ரவரிக் கடைசியில், ஏரியின் பனிக்கட்டி உருகும் வேளையில், ஆர்க்டிக் நோக்கித் திரும்பும் பனிவாத்துகள் இங்கே இறங்குகின்றன; நல்ல ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றைப் பார்க்க வில்லோ பாயிண்ட் என்னும் முனைவரை நடந்து போகலாம். கட்டணம் கிடையாது.

இதே நிலத்தின் வேறு பகுதிகளில், பருவம் வந்தால், வேட்டைக்கும் அனுமதி உண்டு. நீர்ப்பறவை வேட்டைக்குக் குலுக்கலில் பெயர் விழுந்தவர்கள்தான் ஒதுக்கப்பட்ட மறைவிடங்களில் உட்கார முடியும். மாநில உரிமத்தோடு, 16 வயது நிரம்பியவர்கள் 25 டாலர் கொடுத்து மத்திய அரசின் வாத்து முத்திரையும் (அஞ்சல்தலை போன்ற ஓர் அனுமதிச் சீட்டு) வாங்கியிருக்க வேண்டும். ஈயக் குண்டுகளை விழுங்கிப் பறவைகள் நஞ்சேறிச் செத்ததால், நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்துக்கு 1991 முதல் நாடு முழுவதும் தடை. பறவைகள் தங்கி இனம் பெருக்க ஒதுக்கிய பகுதிக்குள் வேட்டைக்காரருக்கும் வழியில்லை, என்னைப் போல் வேடிக்கை பார்க்க வருபவருக்கும் வழியில்லை. இந்த எல்லைக்கோட்டைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் உன் கேள்விக்கான பதில் இருக்கிறது. இம்மாநிலம் 1920-லேயே வேட்டை உரிமக் கட்டணத்தைக் கொண்டு நிலம் வாங்கத் தொடங்கிவிட்டது. ‘ஸ்டேட் கேம் லேண்ட்ஸ்’ (மாநில வேட்டை நிலங்கள்) என்று அழைக்கப்படும் அந்நிலங்கள் இன்று ஏறத்தாழ 15 லட்சம் ஏக்கர். 1937-இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின்படி, நீளத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் 11 விழுக்காடும், கைத்துப்பாக்கிகளுக்கு 10 விழுக்காடும் விதிக்கப்படும் வரி, வனவிலங்குப் பணிகளுக்காக மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிடும் மாநிலம் இந்தப் பங்கை இழக்க நேரிடும். நம் அரசியல்வாதிகளை அறிந்த உனக்கு இந்த நிபந்தனையின் அருமை சொல்லாமலே விளங்கும்!

ஆனாலும் எனக்கு முழு நிம்மதி இல்லை. அந்த வரியில் பெரும்பங்கு, காட்டுப் பக்கமே போகாமல் துப்பாக்கி வாங்குகிறவர்களிடமிருந்து வருகிறது. நாட்டில் பீதி கிளம்பித் துப்பாக்கி விற்பனை ஏறினால் பறவைகளின் நிதியும் ஏறுகிறது. தொலைநோக்கியோடு வரும் எங்களிடமோ யாரும் ஒரு காசும் கேட்பதில்லை. எங்களுக்கும் ஒரு கட்டணம் வைக்கலாம் என்பது என் கட்சி. அதுவரைக்கும், துப்பாக்கியே தொடாத நானும் ஆண்டுதோறும் அந்த வாத்து முத்திரையை வாங்கிவிடுகிறேன்; அந்தப் பணத்தில் ஏறக்குறைய முழுவதும் சதுப்பு நிலம் வாங்கத்தான் போகிறது.

நவம்பர் கடைசியில் மகனைப் பார்க்க வருவதாக எழுதியிருக்கிறாய். பனிவாத்துகளின் பெருங்கூட்டத்தைப் பார்க்க அது காலம் இல்லை. மார்ச் முதல் வாரத்துக்குத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுப் பார். முடியாதென்றால் கேம் லேண்ட்ஸ் ஒன்றில் நடந்துவிட்டு வருவோம். ஆனால் அது மான் வேட்டைப் பருவம். நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை சும்மா நடக்கப் போகிறவரும் ஒளிரும் ஆரஞ்சு நிறம் அணிய வேண்டும் என்பது அங்கே விதி. தொப்பி என்னிடம் இரண்டு இருக்கிறது. நீ கனத்த காலுறைகளையும் பழைய காலணியையும் மட்டும் எடுத்து வா.

அன்புடன்,
கண்ணன்