டிவி விவாதத்த பாத்து யாருங்க ஓட்டு மாத்துறாங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் சேலம் சிவதாபுரத்துல கொலுசு பட்டறையில வேலை பாக்குறேங்க. ராத்திரி எட்டு மணியானா பட்டறை டிவியில விவாதம் ஓடும், ஆர்டர் இருந்தா பத்து பத்தரை வரைக்கும் உக்காந்து கொலுசுல சலங்கைய நெருப்புல ஒட்டி பத்த வைப்போம், கண்ணு பூரா நெருப்புலயும் சலங்கையிலயும் இருக்குறதால டிவிய யாரும் பாக்குறதில்ல, காதுல விழுறதோட சரி. நாலு பேரு ஒண்ணா கத்துறது கேக்கும், நெறியாளர் ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம்னு கெஞ்சுறது கேக்கும். பத்து வருஷத்துக்கு மேல கேட்டாச்சு, எங்க பட்டறையில ஒருத்தர்கூட விவாதம் கேட்டு ஓட்ட மாத்தல. தன் கட்சிக்காரர் பேசுனா சவுண்டு வைக்கச் சொல்லுவாங்க, அடுத்த கட்சிக்காரர் பேசுனா கொறைக்கச் சொல்லுவாங்க.

2021 சட்டமன்றத் தேர்தலையே எடுத்துக்கோங்க. தமிழ்நாடு பூரா அதே சேனல், அதே விவாதம். மாநிலத்துல திமுக கூட்டணி 159 எடம் ஜெயிச்சுது, ஆனா சேலம் மாவட்டத்துல 11 தொகுதியில 10 அதிமுக கூட்டணிக்குப் போச்சு, சேலம் வடக்கு மட்டும்தான் திமுக. டிவி பேச்சுதான் ஓட்டா மாறுதுன்னா இங்க மட்டும் எப்படிங்க தலைகீழா வந்துச்சு? நம்ம மாவட்டத்துக்காரர் எடப்பாடி பழனிசாமி முதலமைச்சரா இருக்காரு, ஐந்து ரோட்டுல ஈரடுக்கு மேம்பாலம் வந்துருச்சுன்னு டீக்கடையில பேசிக்கிட்டதுதான் எங்க பக்கம் எடுபட்டுச்சு. அதே சேலம் 2024ல எம்.பி. தேர்தல்ல திமுகவ ஜெயிக்க வெச்சுது, அதுக்கும் விவாதம் காரணம்னு நான் நம்பல.

அமெரிக்காவுலயாவது வேட்பாளரே நேர்ல வந்து நிக்கிறாரு. 1960ல அதிபர் தேர்தல்ல நின்ன கென்னடியும் நிக்சனும் நாலே தடவதான் டிவியில மோதுனாங்க, இன்னிக்கு வரைக்கும் பேசுறாங்க. 2012 தேர்தலுக்கு முன்னாடி குடியரசுக் கட்சிக்காரங்க தங்க அதிபர் வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ண தங்களுக்குள்ளயே சுமார் 20 விவாதம் வெச்சாங்க, ஒவ்வொரு விவாதத்துக்கும் ஒருத்தர் கருத்துக்கணிப்புல ஏறுவாரு, அப்புறம் எறங்கிருவாரு. 2024 ஜூன் 27ல அப்ப அதிபரா இருந்த பைடன் ஒரே விவாதத்துல தடுமாறுனாரு, அடுத்த மாசமே போட்டியிலேருந்து வெலகிட்டாரு. செப்டம்பர் 10ல அவருக்குப் பதிலா நின்ன கமலா ஹாரிஸ் நல்லா பேசுனதா பாத்தவங்கள்ல நெறைய பேரு சொன்னாங்க, நவம்பர்ல தோத்துட்டாங்க. சறுக்குனா கவுத்துரும், நல்லா பேசுனா தூக்கி விடும்னு நிச்சயம் இல்ல, எனக்குப் புரிஞ்சது இதுதாங்க.

நம்ம ஊர்ல அதுவும் கெடையாது. டிவியில வர்றவரு செய்தித் தொடர்பாளர், ஓட்டு மெஷின்ல போட்டோ இருக்குறவரு வேற ஆளு, அவரு குரலக்கூட நாங்க கேட்டதில்ல. தெனமும் ஒரு மணி நேரம், ஒரு தடவையாவது வெள்ளி வெல ஏறி ஆர்டர் கொறஞ்சு போச்சே, கூலிக்கு பத்த வைக்கிறவன் என்ன பண்ணுவான்னு ஒரு வார்த்த வந்துச்சான்னா இல்ல.

மழை நல்லா பெஞ்சா சேலத்தாம்பட்டி ஏரி நெரம்பி தண்ணி எங்க தெருவுக்குள்ள வந்துரும். ஒரு வருஷம் அப்படி வந்தப்ப, எலக்‌ஷன்ல நிக்கப் போறாருன்னு பேசிக்கிட்ட ஒருத்தர் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு முழங்கால் தண்ணியில கடேசி வீடு வரைக்கும் நடந்து வந்தாரு, எங்க பக்கத்து வீட்டு ஆயா அரிசி மூட்டைய கட்டில் மேல ஏத்தி வெச்சிருந்தத உள்ள போய் நின்னு பாத்தாரு. அந்த ஆயா வாழ்நாள் பூரா ஒரே சின்னத்துக்குப் போட்டவங்க. அந்தத் தடவ மாத்திப் போட்டேன்னு அவங்களே எங்கிட்ட சொன்னாங்க.

அதனால ஐயா, உங்க பத்திரிகை மூலமா ஒண்ணு கேக்குறேன். தெனமும் விவாதம் வேண்டாம், தேர்தலுக்கு முன்னாடி ஒரே ஒரு சாயங்காலம், தொகுதி வேட்பாளர் எல்லாரையும் போஸ் மைதானத்துல ஒரே மேடையில உக்கார வைங்க, கேள்வி ஜனங்க கேக்கட்டும், ஒவ்வொருத்தரும் தனித்தனியா பதில் சொல்லட்டும். நாங்க பட்டறைய மூடிட்டு வந்துருவோம். மைக்கு எங்கிட்ட வந்தா அந்த ஏரித் தண்ணி போறதுக்கு கால்வாய் எப்ப வரும்னு கேப்பேன்.

இப்படிக்கு,
கொலுசுத் தொழிலாளி ஒருவர்,
சிவதாபுரம், சேலம்.