ட்ரோன்கள் முதலில் கால்வாய்களுக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நகரங்களில் சிதறிக் கிடக்கும் குப்பையைத் தானியங்கி ட்ரோன்களைக் கொண்டு அகற்றலாம் என்ற யோசனையை வரவேற்கிறேன். ஆனால் சென்னையில் அந்த வேலையைக் கால்வாய்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தெருக்குப்பையில் பலவும் எடையே இல்லாதவை. பால் கவர், பேப்பர் கப், பான்மசாலா உறை ஆகியவற்றுக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் ட்ரோன் இறங்கினால், அதன் சுழலிகள் கீழ்நோக்கித் தள்ளும் காற்றே அவற்றை அடுத்த வீட்டு வாசலுக்கு விரட்டிவிடும். வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனுக்குக் கீழே நெற்பயிர் படிந்து எழுவதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். துடைப்பமும் முறமும் நொடியில் முடிக்கிற வேலைக்கு இத்தனை செலவு தேவையில்லை.

மனிதர் இறங்கக் கூடாத இடத்தில்தான் இக்கருவியின் அருமை தெரிகிறது. 2024-இல் எவரெஸ்ட்டில் நடந்த சோதனையில், ஷெர்பாக்கள் உயிரைப் பணயம் வைத்துக் கடக்கும் கும்பு பனியருவிக்கு மேலாக, ஒரு நடைக்கு 15 கிலோ வரை ட்ரோன் சுமந்தது. மலையில் சேர்ந்த குப்பையையும் கீழே கொண்டுவந்தது. நம் ஊரில், வீடுகள் நெருக்கி நிற்பதால் ஜேசிபி இறங்க வழியில்லாத, வடசென்னையின் ஓட்டேரி நல்லா கால்வாயின் கரைகள் அப்படிப்பட்டவை. கொரோனா காலத்தில் கிருமிநாசினி தெளிக்கவும், பின்னர் நீர்வழிகளில் கொசுப்புழு மருந்து தெளிக்கவும் சென்னையில் ட்ரோன்கள் பறந்திருக்கின்றன. அவ்வாறே வாரந்தோறும் தானாகப் பறந்து, எந்த மதகில் பிளாஸ்டிக் அடைத்திருக்கிறது, எந்தப் பாலத்தருகே ஆகாயத்தாமரை திரண்டிருக்கிறது என்று படமெடுத்துக் காட்டினால், தூர்வாரும் ஆட்களும் வண்டிகளும் நேராக அங்கே போய்ச் சேரலாம். மிதக்கும் தெர்மாகோலையும் பாட்டில்களையும் தூக்கும் முயற்சியை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். மீனம்பாக்கம் விமான நிலையத்தை ஒட்டிய அடையாற்றில் பறப்பதற்குக் கட்டுப்பாடுகள் அதிகம் என்பதால், வடசென்னையில் தொடங்குவதே எளிது.

இதைக் காரணம் காட்டித் தூய்மைப் பணியாளர் ஒருவரின் வேலைகூடப் பறிபோகக் கூடாது. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்ற, 18 முதல் 65 வயது வரையுள்ள எவரும் உரிய பயிற்சியை முடித்து, இயக்குவதற்கான சான்றிதழைப் பெறலாம். எந்த வளைவில் குப்பை தேங்கும், எந்த மழைக்கு எது முதலில் அடைக்கும் என்பதை ஆண்டுக்கணக்கில் கையால் அள்ளி அறிந்தவர்கள் தூய்மைப் பணியாளர்களே. ஆகவே, தகுதியுள்ள பணியாளர்களின் பயிற்சிக் கட்டணத்தை ட்ரோன் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே மாநகராட்சி சேர்த்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக ஓட்டேரி நல்லாவில் முதல் சோதனையை நடத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அயனாவரம், சென்னை